செயற்கைக் கால் யாருடைய கால்?

எலுவன்குளத்துப் பக்கம், கலா ஓயா களப்போடு கலக்கும் கரையில், மீனவர் ஒருவர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். நீரிழிவினால் வந்த புண் ஆறாமற்போகவே, அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்றிவிட்டார்கள். இப்பொழுது செயற்கைக் கால் பொருத்தி நடக்கிறார். “சுவாமி, இதை என் கால் என்று சொல்லலாமா? உயிர்த்தெழும் நாளில் இதுவும் என்னோடு எழும்புமா?” என்றார். அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் இது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று.

எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றின் அசைவையும் பாரத்தையும் பொறியியல் கணக்குகளால் ஆராயும் விஞ்ஞானம் இன்று பெரிதும் வளர்ந்திருக்கிறது. இடுப்பு மூட்டைச் செய்கிறார்கள். இதய வால்வைச் செய்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் உருவான வால்வு 1990ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு நோயாளியின் இதயத்தில் பொருத்தப்பட்டது. உறுப்புக்களை இப்படி மாற்ற முடியுமானால் மனிதன் ஒரு யந்திரந்தானே என்று சிலர் கேட்கின்றனர். 17ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் என்னும் தத்துவ ஞானி உடலை யந்திரமாகவே கண்டார்.

புனித தோமஸ் அக்குவினாரின் போதனை வேறு. வள்ளத்தில் மாலுமி இருப்பதுபோல் ஆன்மா உடலில் குடியிருக்கவில்லை. ஆன்மாவே உடலுக்கு உயிரும் உருவமும் தருவது. இரண்டும் சேர்ந்தே மனிதன். அவர் இன்னொன்றும் சொல்கிறார்: மிருகங்களுக்குக் கொம்பும் நகமும் கொடுத்த இறைவன், மனிதனுக்குப் பகுத்தறிவையும் கையையும் கொடுத்தார், அவற்றால் தனக்கு வேண்டிய கருவிகளை அவன் ஆக்கிக்கொள்வான். ஆகவே, இழந்த காலுக்குப் பதிலாக ஒரு காலைச் செய்வது படைப்பை மீறும் ஆணவமன்று. படைத்தவர் தந்த கொடையைப் பயன்படுத்துவதேயாகும்.

ஜெய்ப்பூர்க் காலின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் இருக்கவேண்டியது, கணுக்கால் மடங்காது. அதை அணிந்தவர் குந்தியிருக்கவோ, சம்மணமிடவோ, வெறுங்காலோடு சேற்றில் இறங்கவோ முடியாது. பலர் அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டனர். இந்தக் குறையைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தியும், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் 1960களின் பிற்பகுதியில் மரத்தாலும் றப்பராலும் புதியதொரு பாதத்தை அமைத்தனர். குதிக்காலிலும் முன்பாதத்திலும் மெத்தென்ற றப்பர். வெளியே தோல் நிறத்தில் றப்பர் உறை. சப்பாத்து வேண்டியதில்லை, நனைந்தாலும் பழுதில்லை. 1981இல் சேத்திக்கு மக்சேசே விருது கிடைத்தது. பட்டதாரியும் பட்டறைத் தொழிலாளியும் ஒன்றாய் நின்று, “இந்த ஏழை எப்படி வாழ்கிறான்?” என்று முதலில் பார்த்ததே அவர்களுடைய வெற்றியின் இரகசியம். இலங்கையிலும் கொழும்பில் 1985 முதலும், யாழ்ப்பாணத்தில் 1987 முதலும் இக்கால்கள் செய்யப்பட்டு வந்துள்ளன. போரும் மிதிவெடியும் கால்களைப் பறித்த நாட்டில் அது எத்தகைய பணி என்பதை நாம் அறிவோம்.

அந்த மீனவருக்கு நாம் சொன்ன பதில் இது: “மரமும் றப்பரும் உயிர்த்தெழா. ஆண்டவர் உம்மைக் குறையின்றி எழுப்புவார். ஆனால் இந்தக் காலால் நீர் கோயிலுக்கு நடந்த நடை உம்முடையது. பிள்ளைகளுக்காக உழைத்த உழைப்பு உம்முடையது. அவை வீண்போகா.”

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “உழைக்கத்தான் ஆசை, சுவாமி. ஆனால் ஒருவரும் என்னை வள்ளத்தில் ஏற்றுகிறார்களில்லை” என்றார். முன்பு சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. அவர்களுள் வள்ளச் சொந்தக்காரரும் இருந்தார்.

திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினார்கள் என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். அவன் எழுந்து நடந்தது ஆண்டவரின் வல்லமையால். அவனை அங்கே கொண்டுவந்தது அயலாரின் அன்பு. விஞ்ஞானம் ஒருவனுக்குக் கால் கொடுக்கலாம். அவன் ஊன்றி நிற்க இடம் கொடுப்பது நம்முடைய கடமை. அன்பான வாசகரே, உங்கள் வள்ளத்தில், உங்கள் கடையில், உங்கள் கோயில் வாங்கில் அந்த இடம் இருக்கிறதா?