சேமித்த யூனிட்டும் சிந்திய வியர்வையும்

சிக்கனம் நற்பண்பா என்று கேட்டால் ஆம் என்று சொல்லத் தயங்குவோர் இலர். யாருடைய செலவில் சிக்கனம் என்ற அடுத்த கேள்விக்கோ அத்துணை எளிதில் பதில் வருவதில்லை. பங்குனி பிறந்ததுமே இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீடுதோறும் மின் கட்டணப் பேச்சு எழுந்துவிடுகிறது. மேற்கே மலை அரணாய் நின்றாலும், ஆனி ஆடிக் காற்று இறங்கும்வரை அந்த மலையால் நமக்கு ஆறுதல் இல்லை. விசிறி ஓயாமல் சுழல்கிறது. மீட்டரும் உடன் சுழல்கிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று 2016 மே மாதம் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரு மாதங்களில் 500 யூனிட் செலவழித்த வீடு 1,725 ரூபாய் செலுத்தியது. 510 யூனிட் செலவழித்த வீடு 2,030 ரூபாய் செலுத்தியது. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! ஐந்நூறைத் தாண்டியதும் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகை பறிபோனதே காரணம். 2024 ஜூலையில் விகிதங்கள் மேலும் உயர்ந்தன. ஆக, ஐந்நூறு என்ற அந்த எல்லைக்கோடு குடும்பத் தலைவர்களின் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. கணக்கெடுக்க வருபவர் நான்கு நாள் தாமதித்தால் கோட்டைத் தாண்டிவிடுமே என்று தவிக்கும் வீடுகளை நாம் அறிவோம்.

அந்தத் தவிப்பில் முதலில் அணைவது எது? பெரும்பாலும் கூடத்துத் தொலைக்காட்சி அன்று. படுக்கையறைக் குளிர்சாதனமும் அன்று. பாட்டியின் அறை விசிறிதான் அணைகிறது. பல வேளைகளில் அவரே எழுந்து, "எனக்கெதற்கு இது?" என்று நிறுத்திவிடுகிறார். நாமும் அதைப் பழைய தலைமுறையின் பெருந்தன்மை என்று மெச்சிக்கொள்கிறோம். முதுமையில் தாக உணர்வு மங்கும். வியர்வை சுரப்பதும் குறையும். வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றல் உடலுக்குத் தளர்ந்துவிடும். வீட்டிலேயே அதிகக் காற்று தேவைப்படுபவர் அவர்தாம்.

சமையலறைக்கு வருவோம். விசிறி போட்டால் அடுப்பு அணைந்துவிடும் என்ற காரணம் ஆயத்தமாக இருக்கிறது. அது பொய்யும் அன்று. வெப்பக் காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறிக்கு அந்தத் தடையும் இல்லை. எனினும் அது கடைசியாக வாங்கப்படும் பொருளாகவே பல வீடுகளில் இருந்துவிடுகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைச் சுவைக்கும் நாம், பாலைக் கிளறியபடி நெருப்பின் முன் நின்றவரை நினைப்பதில்லை. நம் வீட்டு அடுப்பின் முன் நிற்பவரையேனும் நினைக்கலாமே.

எண்ணிப் பார்த்தால், இவ்வாறு மிச்சமாவது மிகச் சொற்பம். பழைய வகைக் கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும்; எட்டு மணி நேரம் சுழன்றாலும் முக்கால் யூனிட்டைக்கூட எட்டாது. புதிய பி.எல்.டி.சி. விசிறிக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஒன்றரை டன் குளிர்சாதனமோ முழுவீச்சில் ஓடினால் மணிக்கு ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் விழுங்கும். ஓரிரவுக் குளிர்ச்சியின் விலையில் பாட்டியின் விசிறி பத்து இரவுகளுக்குமேல் சுழலும்! குளிர்சாதனத்தில் ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறக்குறைய 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. இருபதில் வைத்திருப்பவர் இருபத்தாறுக்கு வந்து, மெல்ல ஒரு விசிறியையும் சுழலவிட்டால், வீட்டில் வேறெவரையும் வியர்க்க வைக்காமலே கட்டணம் இறங்கிவிடும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் குளிர்சாதனப் பெருக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டுள்ளார். மற்றோரிடத்தில், வீட்டை வெப்பமூட்டும் கருவியைக் குறைத்துக்கொண்டு கனத்த ஆடை அணிபவரைப் பாராட்டுகிறார். குளிர்நாட்டு எடுத்துக்காட்டு, கந்தக பூமியில் வாழும் நாம் அதைத் திருப்பிப் போட்டுத்தான் படிக்க வேண்டும். கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு: கூடுதலாகச் செலவழிக்க வசதி இருந்தும் குறைத்துக்கொள்பவரையே அவர் அங்கே பேசுகிறார். வசதியற்றவரின் பற்றாக்குறைக்கு அவர் அறம் என்று பெயர் சூட்டவில்லை.

இவ்வேறுபாட்டை இராஜபாளையம் நன்கு விளக்கும். 1936இல் இராஜபாளையம் மில் தோன்றிய காலந்தொட்டு இது நூற்பாலைகளின் ஊர். நூல் அறாதிருக்க ஆலைக்குள் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் இரவு ஷிப்டு முடித்து வருபவர் பகலில்தான் உறங்க வேண்டும். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த கூரையின்கீழ், நண்பகலில், அவருக்காகச் சுழலும் விசிறியை வீண் செலவு என்று எப்படிச் சொல்வது? பட்டப்பகலில் விசிறி ஓடும் வீட்டைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை அக்கூரையைத் தொட்டுப் பார்க்கட்டும்.

இதைச் சொன்னால், "நான் பணம் கட்டுகிறேன், நான் எரிக்கிறேன், இதில் அடுத்தவருக்கு என்ன?" என்று கேட்போர் உண்டு. மின்சாரம் தனித்தனிக் குடத்தில் வருவதன்று. ஒரு மின்மாற்றியிலிருந்து புறப்படும் கம்பியில் தெரு முழுவதும் தொங்குகிறது. இரவு பத்து மணிக்கு முன்வீடுகளின் குளிர்சாதனங்கள் ஒருசேர இழுக்கும்போது, கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டில் வோல்டேஜ் சரிகிறது. அங்கே விசிறி, இறக்கைகளை எண்ணிவிடும் அளவுக்கு மெல்லச் சுழல்கிறது. சுமை மிகுந்தால் தெருவே இருளாகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அவ்வுச்சத்தில் நம் பங்கு எவ்வளவு என்பதை ரசீது சொல்லாது.

இனி, பலருக்கும் கசக்கக்கூடிய ஒன்று. ஒரே குடும்பம் வாழும் ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர் வாங்கி, இரண்டிலும் இலவச யூனிட்டை எடுத்துக்கொள்வதைச் சாமர்த்தியம் என்கிறோம். வரியிலிருந்து ஈடுகட்டப்படும் பணத்தைப் பொய்க்கணக்குக் காட்டிப் பெறுவதற்கு அது நாகரிகமான பெயர். இதைவிடக் கொடியது வாடகைக் குடியிருப்பில் நடப்பது. தனி இணைப்பில்லாத குடித்தனக்காரரிடம் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என ஒரே விலையாக வாங்குகிறார்கள். இலவச யூனிட்டும் கீழ்ப்படி விலையும் வீட்டு உரிமையாளருக்கே மிஞ்சுகின்றன. அப்பணத்துக்கு அஞ்சி, மாடிச் சிற்றறையில் கைக்குழந்தையை ஓலை விசிறியால் விசிறும் தாயைச் சிக்கனக்காரி என்று சொல்லிவிட முடியுமா?

அவருக்குத் தனி இணைப்பு வாங்கித் தரலாம். அது இயலாவிடில், வந்த ரசீதை அவர் முன் வைத்து, அவரவர் செலவழித்த யூனிட்டின் விகிதத்தில் பங்கிட்டுக்கொள்ளலாம். அத்துடன் சித்திரைக்கு முன்பே மொட்டை மாடிக்கு இரு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டால், மாடி அறையின் அனல் அவருக்கும் சற்றுத் தணியும். விசிறி ஓடும் நேரமும் குறையும். சுண்ணாம்புச் செலவு வீட்டு உரிமையாளருடையது.