தொண்டும் தூண்டிலும்

மருந்துக் குப்பியைக் கையிலும் மறைநூலைப் பையிலும் கொண்டு, கடல் கடந்து, முன்பின் அறியாத சிற்றூர் ஒன்றுக்கு ஒருவர் வருகிறார். அங்குள்ள ஏழையின் புண்ணைக் கழுவுகிறார். கழுவியபின் தம் கடவுளைப் பற்றிப் பேசுகிறார். அவர் செய்வது தொண்டா, தூண்டிலா?

கேள்வி பழையது. விடைதான் இன்னும் கிடைத்தபாடில்லை. 'தெய்வத் தொண்டு' என்று கைகூப்புவோர் ஒருபுறம். 'மதம் மாற்றும் மாயவலை' என்று சுட்டுவிரல் நீட்டுவோர் மறுபுறம். முன்னவர், வந்தவரின் உள்ளத்தையே அறிந்துவிட்டவர் போலப் பேசுகின்றனர், பின்னவரும் அப்படியே! உள்ளத்தைத் திறந்து பார்க்கும் கருவி இருவரிடமும் இல்லை. ஆகவே உள்ளத்தை விடுத்துச் செயலைப் பார்ப்போம். செயலுக்குத் தடயம் உண்டு. அத் தடயம் தேடி நெடுந்தொலைவு போகவும் வேண்டா. இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டித் தொடரும் தோல் தொழில் வட்டாரத்திலேயே அது கிடைக்கிறது.

1819ஆம் ஆண்டு, ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் தம் நாட்டை விட்டுக் கப்பலேறினார். இலங்கையில், யாழ்ப்பாணப் பகுதியில், பல ஆண்டுகள் பணியாற்றிப் பின்னர் சென்னைக்கு வந்தார். அவருடைய மக்கள் 1853இல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். 1866இல் இராணிப்பேட்டையில் அவர்கள் குடும்பத்தார் முயற்சியால் மருத்துவமனை ஒன்று எழுந்தது. அவர்கள் வந்த நோக்கம் என்ன? ஒளிவு மறைவு இல்லை. ஏசுவின் செய்தியைச் சொல்லி மக்களைத் தம் மார்க்கத்தில் சேர்ப்பதுதான் நோக்கம். அதை அவர்கள் மறைத்ததில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைப் பெண்ணொருத்திக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ஐடா ஸ்கடர், 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். பஞ்சத்தையும் புழுதியையும் பார்த்து வளர்ந்த அவருக்கு இந்த நாட்டில் வாழ்நாளைக் கழிக்க விருப்பமே இல்லை. 1890இல், நோயுற்ற தாய்க்குத் துணையாக இருக்கத்தான் திண்டிவனத்துக்கு வந்தார். அங்கே ஓர் இரவில் மூவர் வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவியர் பேறுகால வேதனையில் துடித்துக் கொண்டிருந்தனர். 'என் தந்தை மருத்துவர், அவர் வருவார்' என்றார் ஐடா. 'ஆடவர் கண் படலாகாது' என்றனர் மூவரும். ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். விடிந்தது, மூன்று பெண்களும் மாண்டனர்.

அவர்களைக் கொன்றது எது? நோயா? இல்லை. மருத்துவர் கூப்பிடு தொலைவில் இருந்தார், மருந்தும் இருந்தது. குறுக்கே நின்றது வழக்கம்! மதத்தால் வேறுபட்ட மூவரும், வீட்டுக்குள் கிடக்கும் பெண்ணின் உயிரைவிட வெளியே உலவும் தம் பெருமை பெரிது என்பதில் மட்டும் ஒன்றுபட்டனர். நம் நாட்டுப் பழமை பேசுவோர் இந்த ஒற்றுமையைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

அந்த இரவுக்குப்பின் ஐடா தம் நாட்டுக்குத் திரும்பினார். மூன்று மரணங்களை உருக்கமாக எடுத்துரைத்து, கேட்டோர் கண்ணைக் கசிய வைத்து, அத்துடன் கடமை முடிந்ததென்று இருந்திருக்கலாம். அவரோ மருத்துவம் படித்தார். 1899இல் கார்னல் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்தார். ஒரே ஒரு படுக்கையுடன் பணி தொடங்கிற்று. 1902இல் 40 படுக்கை கொண்ட மருத்துவமனை ஆயிற்று. 1909 முதல் குடியாத்தம் சாலையோரத்தில், மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, காத்துக் கிடந்த சிற்றூர் மக்களுக்கு மருந்து கொடுத்தார். 1960இல் கோடைக்கானலில் கண்மூடும்வரை இந்த நாடே அவருக்கு வீடாக இருந்தது.

இங்கே கிடைக்கிறது தொண்டை அறியும் முதல் உரைகல்: தங்குதல். தங்குபவன்தான் தன் செயலின் விளைவைக் காண்கிறான். தவறினால் ஊரார் அவனைக் கேட்க முடிகிறது. இன்று உலகெங்கும் பத்து நாள், பதினைந்து நாள் என்று 'மிஷன் பயணம்' புறப்படும் இளைஞர் பலர். ஏழை நாட்டுச் சிற்றூருக்குப் போகின்றனர். குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகின்றனர். பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுகின்றனர். படம் எடுத்துக் கொண்டு திரும்புகின்றனர். அவர்கள் நல்லவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க அந்த ஊரில் ஆளே இல்லையா? அந்த விமானக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கூலியாகக் கொடுத்தால் உள்ளூர்க்காரன் வீட்டு அடுப்பு எரியுமே! பயணத்தால் மாறியது யார் வாழ்வு? 'என் வாழ்வு மாறிவிட்டது' என்று வந்தவரே சொல்கிறார். அவர் உண்மையைத்தான் சொல்கிறார்! ஊர் இருந்தபடியே இருக்கிறது.

இரண்டாம் உரைகல்: விலை கேளாமை. மருந்து வேண்டுமா, முதலில் மார்க்கத்துக்கு வா என்றால், அது தூண்டில்தான். புழுவைத் தின்ற மீன் நன்றி சொல்ல வேண்டியதில்லை. யார் வந்தாலும் மருந்து, எந்தக் கடவுளைக் கும்பிட்டாலும் மருந்து, கும்பிடாவிட்டாலும் மருந்து என்றால், கொடுப்பவரின் நம்பிக்கை அவருடைய சொந்த உடைமை. அதை அவர் பேசலாம், நாம் கேட்கலாம், கேட்டுவிட்டு ஏற்காமலும் போகலாம். பழந்தமிழ்ப் புலவர் முடமோசியார், வள்ளல் ஆய் அண்டிரனைப் போற்றும்போது, அவன் கொடையில் வாணிகக் கணக்கு இல்லை என்பதைத்தான் பெருமையாகக் கொண்டார். மறுமையில் கிடைக்கும் இலாபத்தை எண்ணிக் கொடுப்பதும் வாணிகமே என்பது அந்நாளிலேயே தமிழன் கண்ட நுட்பம். ஆன்மாக்களை எண்ணிக் கணக்கெழுதும் மிஷனுக்கும் இது பொருந்தும். புண்ணியம் தேடி அன்னதானம் செய்யும் நம்மூர்ச் செல்வருக்கும் இது பொருந்தும்.

'1876 முதல் 1878 வரை நீண்ட பெரும்பஞ்சத்தில் கஞ்சிக்காக மதம் மாறினார்களே, அது தூண்டில் அன்றோ?' என்று கேட்பார்கள். பசித்தவனின் விருப்பம் முழு விருப்பம் ஆகாது, ஒப்புக் கொள்வோம். ஆனால் கேட்பவரை நாமும் ஒன்று கேட்போம். அவன் விட்டுச் சென்றது எதை? கோயிலுக்குள் அவனுக்கு இடமில்லை. ஊர்க் கிணற்றில் நீரில்லை. செத்த மாட்டைத் தூக்கவும், அதன் தோலை உரிக்கவும் அவன் வேண்டும். அதே தோலில் செய்த செருப்பை அணிந்து ஊர்த் தெருவில் நடக்கக்கூடாது! வீட்டுக்குள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தவன், வீட்டை விட்டுப் போய்விட்டானே என்று அழுவது எந்த அறம்? தூண்டிலைப் பழிப்பவர், குளத்தை வற்றவைத்தவரையும் சேர்த்துப் பழிக்கட்டும்.

போன இடத்தில் எல்லாம் கிடைத்ததா? அதையும் சொல்லத்தான் வேண்டும். ஞானத் தண்ணீரில் பாவம் கழுவப்பட்டது என்றார்கள், சாதி கழுவப்படவில்லை. தமிழகத்தில் சில ஊர்களில் தேவாலயத்தின் இருக்கையிலும் சாதி, கல்லறைத் தோட்டத்திலும் சாதி. கல்லறையில் அவனைத் தாழ்த்தப்பட்டவன் என்று பிரித்து வைக்கிறது ஊர். 1950ஆம் ஆண்டு ஆணையோ, கிருத்துவனான பின் நீ தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இல்லை என்கிறது. சீக்கியருக்கு 1956இலும், பௌத்தருக்கு 1990இலும் திறந்த அந்தக் கதவு, இவனுக்கு இன்னும் திறக்கவில்லை. இழிவு மட்டும் தொடர்கிறது, ஈடு தொடரவில்லை. சகோதரர் என்று அழைத்த மார்க்கம், சகோதரராக நடத்தியதா என்ற கேள்விக்குத் திருச்சபைகள்தாம் விடை கூறவேண்டும்.

மூன்றாம் உரைகல்: ஒப்படைத்தல். ஐடா ஸ்கடர் செய்தவற்றுள் எது பெரிது என்று கேட்டால், கட்டிய கட்டடத்தைச் சொல்லமாட்டோம். 1918இல் பெண்களுக்கென்று அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளியைத்தான் சொல்வோம். பெண் படித்தால் குடி கெடும் என்று பேசிய காலம் அது. 1922இல் அப் பள்ளியின் முதல் அணியில் 14 பெண்கள் தேறி வெளிவந்தனர். கதவைத் தட்டினால் இனி எழுந்து செல்ல, இந்த மண்ணின் மகளிரே ஆயத்தமாயினர்! நாடு விடுதலை பெற்றபின் ஹில்டா லாசரஸ் அம்மையார் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். தன்னை வேண்டாதபடி செய்துகொள்வதே தொண்டின் நிறைவு. என்றும் நீ என்னைச் சார்ந்தே இரு என்பது, எவ்வளவு இனிமையாகச் சொல்லப்பட்டாலும், ஆதிக்கமே.

1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் மடங்கிப்போன கைகளை நிமிர்த்தும் முறையை இங்கே வகுத்தார். அவர் கண்ட உண்மை ஒன்று நெஞ்சில் பதிக்கத்தக்கது. தொழுநோயாளரின் விரல்கள், நோய் தின்று உதிர்வதில்லை. நரம்பு செயலற்று வலி தெரியாமற் போகிறது. சுடும் பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரிவதில்லை, ஆணி தைத்தாலும் தெரிவதில்லை. புண் மேல் புண்ணாகி விரல் அழிகிறது. அதனால்தான் 1955இல் காரிகிரியில் எழுந்த தொழுநோய் ஆய்வு நிலையம், மருந்துடன் மென்மையான ரப்பர் வைத்த செருப்பையும் மருத்துவமாகக் கொண்டது. தோல் வட்டாரத்தின் நடுவே, உணர்விழந்த பாதத்துக்கென்று ஒரு செருப்பு!

உடலுக்கு உள்ள இந்த நோய் சமுதாயத்துக்கும் உண்டு. தன் உறுப்பு ஒன்று வேகிறது, மற்ற உறுப்புகளுக்கு வலிக்கவில்லை என்றால், அச் சமுதாயத்தைப் பிடித்திருப்பதும் தொழுநோயே. சுண்ணாம்புத் தொட்டியிலும் குரோமிய நீரிலும் நின்று தோல் பதனிடுபவன் கை வெடிக்கிறது. பக்கத்துத் தெருவுக்கு வலிக்கவில்லை. 1996இல் உச்சநீதிமன்றம், இவ் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போனதைச் சுட்டி, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துக் கூடத்தில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றிப் பேச நேர்ந்தது. இடையே ஓடியது ஏறத்தாழ 30 ஆண்டு, ஆறுதான் ஓடவில்லை.

இப்போது கடல் கடந்து வரும் அந்த அன்பரிடம் திரும்புவோம். அவர் ஏழையின் குடிசை முன் நின்று இரங்குகிறார். அவர் காலில் இருக்கும் காலணி, ஒருவேளை ஆம்பூரில் தைத்ததாகவே இருக்கலாம். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இங்கிருந்துதானே அனுப்புகிறார்கள்! அதன் விலை குறைந்ததற்காக இங்கே கூலி குறைந்தது. கூலியோடு குடிநீரும் கெட்டது. கொடுக்க வந்தவர், தாம் ஏற்கெனவே பெற்றுக்கொண்டது என்ன என்று கணக்குப் பார்க்க வேண்டாமா? வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னரே ஒப்புரவுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இல்லாதவனுக்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. உடன் வாழ்பவனுக்கு ஆற்றவேண்டியதைக் கடமையென ஆற்றுவது ஒப்புரவு. முறை தெரிந்துதான் முன்னதை முன்வைத்தார். ஒப்புரவு செழித்த ஊரில் ஈகைக்கு வேலை குறையும்.

அயலாரைக் கேட்ட கேள்வி நமக்கும் உரியது. நகரத்திலிருந்து சேரிக்குச் சென்று, நோட்டுப் புத்தகம் வழங்கி, படம் பிடித்துக்கொண்டு மாலைக்குள் திரும்பும் நம்மவர் இல்லையா? நாம் தங்கினோமா? விலை கேளாமல் கொடுத்தோமா, அல்லது வாக்கோ புகழோ கேட்டோமா? பொறுப்பை அவர்கள் கையில் ஒப்படைத்தோமா?

ஐடா ஸ்கடருக்கு நன்றி சொல்வோம், தாராளமாகச் சொல்வோம். நன்றி சொல்வதால் எவரும் எந்த மதத்துக்கும் அடிமையாகிவிட மாட்டார்கள். ஆனால் நன்றியோடு ஒரு வெட்கமும் வேண்டும். நம் வீட்டுப் பெண் துடித்தபோது, எழுந்து வருவதற்கு ஏழாயிரம் கல்லுக்கு அப்பாலிருந்து ஒருத்தி வரவேண்டியிருந்ததே, அந்த வெட்கம்! அது நம்மை உறுத்தும் வரையில் உணர்வு இருக்கிறது என்று பொருள். உணர்வு இருக்கும் உறுப்பைக் காப்பாற்றிவிடலாம்.