மலைகள் தாழ்ந்தனவா? எலியாஸ் வந்தாரா?

திருவருகைக் காலச் சிந்தனை



திருவருகைக் காலத்தில் நம் ஆலயங்களில் இசையாஸ் தீர்க்கதரிசியின் குரல் ஒலிக்கின்றது. ஆண்டவருக்கு வழியை ஆயத்தம் செய்யுங்கள், பள்ளங்கள் எல்லாம் நிரம்பும், மலைகளும் குன்றுகளும் தாழ்த்தப்படும் என்கிறார் அவர். ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய சொற்கள் ஆதலால் நம்மில் பலருக்கு அவை ஒரு காதில் நுழைந்து மறுகாதால் போய்விடுகின்றன. ஆனால் சிந்திக்கும் விசுவாசி ஒருவன் கேட்கலாம்: "கிறிஸ்து பிறந்தபோது யூதேயாவில் எந்த மலை தாழ்ந்தது? எந்தப் பள்ளம் நிரம்பியது? யெருசலேமைச் சூழ்ந்த மலைகள் இன்றும் அப்படியே நிற்கின்றனவே! தீர்க்கதரிசி சொன்னது பொய்த்துவிட்டதா?"

இது நியாயமான கேள்வி. இதற்கு இரு சாரார் இரு விடைகளைக் கையில் வைத்திருக்கின்றனர். வேதாகமத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எழுத்தின்படியே நடந்தாக வேண்டும், இன்னும் நடவாதவை விரைவில் நடக்கும் என்று ஒரு சாரார் நாட்காட்டியும் கையுமாய்க் கணக்குப் பார்க்கின்றனர். எல்லாம் வெறும் கவிதை, வருபவரும் இல்லை, வரவும் இல்லை என்று மற்றச் சாரார் சிரிக்கின்றனர். முன்னையவர் பயத்தை விதைக்கின்றனர். பின்னையவர் நம்பிக்கையைக் களவாடுகின்றனர். நம் குடும்பங்களின் விசுவாசம் இவ்விரண்டுக்கும் நடுவே அலைக்கழிவதால் இதைச் சற்று ஆற அமர ஆராய்வது நல்லது.

இசையாஸின் நெடுஞ்சாலை

கி.மு. 587ஆம் ஆண்டளவில் பாபிலோனியர் யெருசலேமை அழித்தனர். ஆலயம் தீக்கிரையாயிற்று. மக்கள் சிறைப்பட்டுத் தூரதேசம் போயினர். ஊரும் ஆலயமும் இழந்த அம்மக்களுக்கே இந்த ஆறுதல் வாக்கு உரைக்கப்பட்டது. அக்காலத்தில் அரசன் ஒருவன் பயணம் புறப்பட்டால், ஆட்கள் முன்னே சென்று மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பிப் பாதையைச் செப்பனிடுவர். உங்கள் அரசராகிய கடவுள் உங்களை அழைத்துச் செல்ல வருகிறார் என்பதைத்தான் தீர்க்கதரிசி அந்த வழக்கத்தைக் கொண்டு சொன்னார்.

கி.மு. 539இல் பாரசீக மன்னன் சீருஸ் பாபிலோனைக் கைப்பற்றினான். யூதர் தாயகம் திரும்ப அனுமதி கிடைத்தது. திரும்பி நடந்தவர்களின் கால்கள் மேடு பள்ளம் எல்லாம் ஏறித்தான் இறங்கின. என்றாலும் இந்த வாக்கைப் பொய் என்று அவர்கள் எறிந்துவிடவில்லை. பேணிக் காத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். ஆண்டவர் வந்தார் என்பதற்கு, அவர்கள் மீண்டும் யெருசலேமில் நின்றதே சாட்சி.

பின்னர் நால்வர் நற்செய்தியும் இதே வாக்கை ஸ்நாபக அருளப்பருக்குப் பொருத்துகின்றன. லூக்காஸ் அதை மற்றவர்களிலும் விரிவாக எடுத்துரைத்துவிட்டு, உடனே நம்மை யோர்தான் கரைக்கு அழைத்துச் செல்கிறார். நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று மக்கள் கேட்கின்றனர். அருளப்பர் மண்வெட்டியை எடுக்கச் சொன்னாரா? இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். வரி தண்டுவோர் விதித்ததற்கு மேல் வாங்கலாகாது என்றார். போர்ச்சேவகர் எவரையும் மிரட்டிப் பறிக்கலாகாது என்றார். எந்த மலை தாழவேண்டும், எந்தப் பள்ளம் நிரம்பவேண்டும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

எலியாஸ் வந்தாரா?

ஆண்டவரின் பெருநாளுக்கு முன் எலியாஸ் அனுப்பப்படுவார் என்று மலாக்கியாஸ் எழுதினார். எலியாஸ் அக்கினித் தேரில் எடுக்கப்பட்டவர் ஆதலால், அதே தேரில் இறங்கி வருவார் என்று பலர் வானத்தைப் பார்த்திருந்தனர். இன்றும் யூதக் குடும்பங்கள் பாஸ்கா இரவில் அவருக்கென ஒரு கிண்ணத்தில் இரசம் வார்த்து வைப்பதுண்டு.

நீர் எலியாஸா என்று ஸ்நாபக அருளப்பரைக் கேட்டபோது அவர் இல்லை என்றார். ஆனால் யேசுநாதரோ, எலியாஸ் ஏற்கெனவே வந்துவிட்டார், அவரை எவரும் அறிந்துகொள்ளவில்லை என்றார். அவர் அருளப்பரைக் குறித்தே சொன்னார் என்பதைச் சீடர்கள் உணர்ந்தனர். இது முரண்பாடா? லூக்காஸ் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வானதூதர் முடிச்சை அவிழ்க்கிறார். அருளப்பர் எலியாஸின் ஆவியும் வல்லமையும் உடையவராய் வருவார் என்பது அவர் சொன்ன செய்தி. ஆள் வேறு, பணி அதே பணி. தேரை எதிர்பார்த்து அண்ணாந்து நின்றவர்கள், ஒட்டக மயிராடை உடுத்தித் தம் முன்னே நின்றவரைத் தவறவிட்டனர்.

அப்படியானால் எல்லாமே உருவகமா? இல்லை. மீட்பர் பெத்லகேமில் பிறப்பார் என்று மிக்கேயாஸ் சொன்னார். பெத்லகேமிலேயே பிறந்தார். அரசர் கழுதையின்மேல் வருவார் என்று சக்கரியாஸ் சொன்னார். யேசுநாதர் கழுதையின்மேலேயே யெருசலேமுக்குள் வந்தார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மீட்பர் எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டபோது, வேதபாரகர் தயங்காமல் சரியான விடை சொன்னார்கள். பெத்லகேம் அங்கிருந்து 5, 6 மைல் தூரந்தான். ஆனால் அவர்களில் ஒருவராவது எழுந்து சென்றதாக நற்செய்தியில் இல்லை. கீழ்த்திசை ஞானிகளே சென்றனர். பொருளைச் சரியாக அறிவது ஒன்று, புறப்படுவது வேறொன்று.

திருச்சபை காட்டும் வழி

கடவுளின் கரம் என்று வேதாகமம் கூறும்போது, கடவுளுக்குக் கை உண்டு என்பது அதன் பொருளன்று, அவருடைய செயல் வல்லமையே அதன் நேர்ப்பொருள் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் விளக்கினார். எழுதியவர் எதைச் சொல்லக் கருதினாரோ அதுவே நேர்ப்பொருள். அவர் உருவகத்தால் பேசியிருந்தால், அந்த உருவகம் குறிக்கும் உண்மையே நேர்ப்பொருள். ஆகவே உருவகம் என்றால் பொய் என்று எண்ணுவது பேதைமை. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1943இல் வெளியிட்ட சுற்றுமடலும், 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றி வெளியிட்ட ஏடும், அக்கால மக்களின் இலக்கிய வகைகளை ஆராய்ந்தே வேதாகமத்தின் பொருளைத் தேடவேண்டும் என்று கற்பிக்கின்றன.

பாபிலோனின் வீழ்ச்சியை முன்னறிவிக்கையில், கதிரவனும் நிலவும் விண்மீன்களும் இருண்டுபோம் என்கிறார் இசையாஸ். பாபிலோன் வீழ்ந்தது. விண்மீன்கள் தம் இடத்திலேயே இருந்தன. ஓர் அரசு சரிவதை வானமே இருண்டதாகச் சொல்வது தீர்க்கதரிசிகளின் நடை. யேசுநாதரும் இறுதி நாட்களைப் பற்றி அதே நடையில் பேசினார்.

இதை மறந்தவர்கள் பட்ட பாடு சரித்திரத்தில் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவர் தானியேல் ஆகமத்தின் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கணக்கிட்டு, கிறிஸ்துவின் வருகை நெருங்கிவிட்டது என்று போதித்தார். அவரைப் பின்பற்றியோர் 1844 ஒக்ரோபர் 22ஆம் திகதியைக் குறித்துக்கொண்டனர். சிலர் வயலில் விளைந்ததை அறுக்காமலே காத்திருந்தனர். பொழுது விடிந்தது. கண்ணீரே மிஞ்சியது. 2011 மே 21ஆம் திகதியைக் குறித்த வானொலிப் போதகர் ஹரல்ட் காம்பிங்கின் கணக்கும் அவ்வாறே பிழைத்தது. அந்த நாளையும் நேரத்தையும் பிதா ஒருவரே அறிவார் என்று ஆண்டவர் தெளிவாகக் கூறியிருக்க, நமக்கு ஏன் இந்தக் கணக்கு? 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் கடல் பொங்கி நம் கரையோர மக்களைக் கொண்டு போனது. அத்தகைய வேளையில் உலகம் முடிகிறது என்று துண்டுப்பிரசுரம் நீட்டுவது சுவிசேஷம் ஆகாது. பிணத்தைத் தூக்கவும் அடுப்பை மூட்டவும் கைகொடுப்பதே சுவிசேஷம்.

அவர் வருவார்

ஆனால் வருகையையே உருவகம் ஆக்கிவிடாதீர்கள். ஜீவியரையும் மரித்தோரையும் நடுத்தீர்க்க அவர் மீண்டும் வருவார் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். மேகமும் எக்காளமும் எவ்வாறு இருக்கும் என்பது நமக்கு மறைபொருள். வருபவர், ஒலிவ மலையில் சீடர்களை விட்டு ஏறிச்சென்ற அதே யேசு. இதில் உருவகம் இல்லை.

காணாமற்போன மகனின் படத்தை மடியில் வைத்து வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார் நம் பங்குகளில் இருக்கின்றனர். வருகை வெறும் கவிதை, தீர்ப்பு வெறும் அலங்காரம் என்று அவர்களிடம் சொல்ல யாருக்குத் துணிவு உண்டு? எந்த மன்றமும் கேளாத வழக்கைக் கேட்க ஒருவர் வருகிறார் என்பதே அவர்களுடைய நம்பிக்கை. அதைக் காப்பது நம் கடமை.

பெத்லகேமில் வந்த வருகைக்கும் மகிமையில் வரும் வருகைக்கும் இடையே, உள்ளத்தில் மறைவாய் நிகழும் வருகை ஒன்றும் உண்டு என்று அர்ச். பெர்நார்து போதித்தார். அதற்கான பாதையைத்தான் இந்த நாட்களில் நாம் செப்பனிட வேண்டும். வேலிக் கதியாலை அயலவன் காணிக்குள் தள்ளி நட்டவர் அதைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நடட்டும். சீதனக் கணக்கால் பேச்சை நிறுத்திய சகோதரர் நத்தாருக்கு முன் ஒரே பந்தியில் அமரட்டும். இரண்டு சட்டை உள்ள பிள்ளை ஒன்றை இல்லாத பிள்ளைக்குக் கொடுக்கப் பெற்றோர் பழக்கட்டும். இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்ததும் லூக்காஸ் நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்தை உரக்க வாசியுங்கள். உங்கள் வீட்டில் தாழவேண்டிய மலை எது என்று ஒருவரையொருவர் கேளுங்கள்.

இசையாஸின் வாக்கு அங்கே எழுத்தின்படியே நிறைவேறட்டும்.