பெயரும் ஓர் அமானிதமே

சிங்கப்பூரில் முன்கட்டண சிம் அட்டை வாங்குவோர் அடையாளச் சான்றைக் காட்டிப் பதிய வேண்டுமென்பது 2005 நவம்பர் 1 முதல் உள்ள விதி. 2014 ஏப்ரல் முதல் ஒருவருக்கு 3 அட்டைகளே.

சில கயவரை முன்னிட்டு எல்லாரையும் ஐயுறுவது நியாயமா? கேட்கவேண்டிய கேள்விதான். ஆயின், அவ்விதி நியாயமாவதும் அநியாயமாவதும் கல்லாவில் இருப்பவர் கையில். சிராங்கூன் சாலைக் கடையில் வேலை அனுமதி அட்டையை நீட்டும் தொழிலாளி நம்மிடம் ஒப்படைப்பது தம் பெயரை. அவரறியாமல் அப்பெயரில் இன்னோர் அட்டையைப் பதிந்து மோசடிக்காரனுக்கு விற்றால், போலீஸ் முதலில் தேடுவது அவரைத்தான்.

2025 ஜனவரி 1 முதல் இதற்கெனத் தனிக் குற்றப்பிரிவுகளும் உண்டு. ஆனால், சட்டத்துக்கு அஞ்சியா நாம் தராசைச் சரியாகப் பிடித்தோம்? களவுபோன காசைத் திருப்பித் தரலாம். கெட்டுப்போன பெயரை எதைக்கொண்டு ஈடுசெய்வது? சிந்திப்போமாக!