உடலும் ஓர் அமானத்

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலிஹில் கரீம், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஅத்.

அல்லாஹ்வைப் பயந்து வாழும்படி முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் நஸீஹத் செய்து இந்த உரையைத் தொடங்குகிறேன்.

இன்றைய பேச்சில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்பு இதே மிம்பரில் வலீமா விருந்துகளில் நடக்கும் வீண்விரயத்தைப் பற்றிப் பேசினேன். பேச்சுவாக்கில் தொப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். சபையில் சிரிப்பு எழுந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது. எப்போதும் முதல் ஸஃப்பில் உட்காரும் ஒரு சகோதரர் அடுத்த வாரத்திலிருந்து செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கடைசியில் நாற்காலி போட்டுத் தொழுவதைப் பார்த்தேன். முட்டி வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம் ஜும்ஆ முடிந்து அவரே வந்தார். "ஹஜ்ரத், நான் மெலியணும்னு துஆ செய்யுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவருக்கு வீடு திண்டிவனம், வேலை விழுப்புரம். தினமும் போக வர 80 கிலோமீட்டர் பயணம். முன்பு ரயிலில் வருவார். ஜங்ஷனில் நடைமேம்பாலத்தின் படி ஏறி இறங்கினால் மூச்சு வாங்குகிறது, பாதியில் நின்றால் பின்னால் வருபவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று ரயிலை விட்டுவிட்டார். பஸ்ஸில் இருவர் சீட்டில் இவர் உட்கார்ந்தால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தவரும் எழுந்துபோய்ப் படிக்கட்டுப் பக்கம் நிற்கிறார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், சீட் காலியாக இருந்தாலும் பாதி நாள் இவர் நின்றுகொண்டே வருகிறார். வேலை செய்யும் இடத்தில் மாடிக்குப் போகும் வேலைகள் ஒவ்வொன்றாக மற்றவர்கள் கைக்குப் போய்விட்டன. "பாய்க்கு முடியாது" என்று அவர் காதுபடவே சொல்கிறார்கள். இத்தனையும் தாங்கியவர், "பள்ளியிலாவது நிம்மதியா இருக்கலாம்னு வருவேன் ஹஜ்ரத்" என்றார். அன்று நான் சொன்ன வார்த்தையை அவர் சொல்லிக் காட்டவில்லை. சொல்லாமலேயே எனக்குப் புரிந்தது.

அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சபையில் செய்த தவறுக்குச் சபையிலும் கேட்க வேண்டும். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

சகோதரர்களே! ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதை அல்லாஹ் சூரத்துல் ஹுஜுராத்தில் தடுக்கிறான். பரிகசிக்கப்படுகிறவர் பரிகசிப்பவரைவிட மேலானவராக இருக்கக்கூடும் என்று காரணத்தையும் சொல்கிறான் (49:11). அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சிக்காக மரத்தில் ஏறியபோது காற்றில் ஆடை விலகி அவர்களுடைய மெலிந்த கால்கள் தெரிந்தன. தோழர்கள் சிரித்தார்கள். மறுமையின் தராசில் அந்தக் கால்கள் உஹத் மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (அஹ்மத்). மெலிந்த உடலைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குச் சொன்ன பாடம், கனத்த உடலைப் பார்த்துச் சிரிக்கும் நமக்கும் பொருந்தும். அல்லாஹ்வின் தராசு வேறு, மருந்துக்கடை வாசலில் இருக்கும் எடை இயந்திரம் வேறு.

நபி (ஸல்) அவர்களின் வீட்டிலேயே கனத்த உடல் கொண்டவர்கள் இருந்தார்கள். அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் கனமான உடலும் மெதுவான நடையும் உடையவர்கள். ஹஜ் பயணத்தில் முஸ்தலிஃபாவில் இரவு தங்கியிருந்தபோது, கூட்டத்தின் நெரிசலுக்கு முன்பே மினாவுக்குப் புறப்பட அனுமதி கேட்டார்கள். நபியவர்கள் உடனே அனுமதி கொடுத்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதை அறிவித்துவிட்டு, நானும் அப்படி அனுமதி கேட்டிருக்கலாமே என்று பிற்காலத்தில் ஏங்கியதாகவும் புகாரியில் பார்க்கிறோம். லட்சக்கணக்கானோர் இன்றும் பின்பற்றும் ஹஜ்ஜின் சட்டத்தில், பலவீனமானவர்கள் முன்னதாகப் போகலாம் என்ற சலுகை இருக்கிறதே, அதற்கு ஆதாரமான சம்பவங்களில் இதுவும் ஒன்று. மெதுவாக நடக்கும் ஒரு பெண்மணிக்காக மார்க்கம் வழிவிட்டது. நாம் பஸ்ஸில் ஒரு கை அகலம் நகர்ந்து உட்கார மாட்டோமா?

இன்னொரு பயணச் சம்பவம். ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதல் தடவை ஆயிஷா நாயகி ஜெயித்தார்கள். பிறகு உடல் சதை போட்ட காலத்தில் மறுபடியும் ஓடியபோது நபியவர்கள் ஜெயித்தார்கள். அன்றைக்கு இது பதில் என்று அன்போடு சொன்னார்கள் (அபூதாவூத்). உடல் கூடியதற்காக ஒரு குறை வார்த்தை இல்லை. கூடிய பிறகும் "வா, ஓடலாம்" என்ற அழைப்பு இருந்தது. இந்த ஹதீஸில் கணவன்மார்களுக்குப் பெரிய பாடம் இருக்கிறது. மனைவியின் உடலைக் குத்திக்காட்டாதீர்கள். மாலையில் கூட நடக்கக் கூப்பிடுங்கள்.

இதுவரை சொன்னது பார்ப்பவர்களுக்கு. இனி உடல் பருமனோடு சிரமப்படும் உங்களுக்குச் சொல்கிறேன்.

சலுகை உண்டு என்பதால் உடலை அப்படியே விட்டுவிடலாமா? முடியாது. உடல் நம் சொத்தல்ல, அல்லாஹ் கொடுத்த அமானத். இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு வைத்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உம்முடைய உடலுக்கும் உம்மீது ஹக்கு இருக்கிறது என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்துக்காகக்கூட அந்த ஹக்கைப் பறிக்கக் கூடாது என்றால், டீக்கடைக்காகப் பறிக்கலாமா?

இது ஒருவர் இருவர் பிரச்சினை இல்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை உள்ளவர்கள். 2015-16இல் இது 31, 28 சதவீதமாக இருந்தது. எல்லாப் பருமனும் அதிகம் தின்றதால் வந்ததும் இல்லை. தைராய்டு குறைபாடு, சில மாத்திரைகள், பரம்பரை, தூக்கக்குறைவு, நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தொழில் எல்லாம் காரணமாகலாம்.

நம் ஊர் நெடுஞ்சாலை ஊர். சென்னை - திருச்சி சாலையில் ஓட்டும் டிரைவர்கள் இந்த ஜமாஅத்திலேயே பலர் இருக்கிறீர்கள். கழுத்தில் சதை கூடினால் தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடுகிறது. பலத்த குறட்டை, நடுநடுவே மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பது, எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் கண் சொருகுவது, இவை அதன் அடையாளங்கள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஒரு நொடி கண் அசந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது உங்கள் உயிர் மட்டுமில்லை, பஸ்ஸில் இருக்கும் ஐம்பது குடும்பங்களின் அமானத். இந்த அறிகுறி இருப்பவர்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

முட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உடலில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ இறங்கிவிட்டது. ஸுஜூதிலிருந்து எழும்போது அது தெரியும். நடைமேம்பாலத்தில் இன்னும் நன்றாகத் தெரியும்.

சரி, ஹஜ்ரத், எத்தனையோ தடவை ஆரம்பித்தேன், பத்து நாளில் விட்டுப்போனது என்பீர்கள். எதற்காக ஆரம்பித்தீர்கள் என்று யோசியுங்கள். நிக்காஹ் போட்டோவுக்காக, யாரோ சிரித்த கோபத்துக்காக ஆரம்பித்தால், போட்டோ எடுத்து முடிந்ததும், கோபம் தணிந்ததும் அதுவும் முடிந்துவிடும். அமல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை. நிய்யத்தை மாற்றுங்கள். "யா அல்லாஹ், நின்று தொழ வேண்டும், என் பிள்ளைகளுக்கு உழைத்துப் போட வேண்டும், உன் வீட்டுக்கு என் காலால் நடந்துவர வேண்டும்" என்று வையுங்கள். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடந்தால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் வருகிறது. தவாஃப் அதற்கு முன்பே இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் பணம் சேர்க்கிறோம், காலைச் சேர்க்க வேண்டாமா?

அந்த நடைக்குப் பயிற்சி பள்ளிவாசல் வழியில்தான் இருக்கிறது. பனூ ஸலிமா கோத்திரத்தார் தூரத்திலிருந்து மஸ்ஜிதுந் நபவீக்குப் பக்கத்தில் குடிவர நினைத்தபோது, இருந்த இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் பதிவாகின்றன என்று நபியவர்கள் தெரிவித்தார்கள் (முஸ்லிம்). உங்கள் வீட்டிலிருந்து பள்ளி 300 மீட்டர் என்று வையுங்கள். ஐந்து வேளையும் போக வர நடந்தால் நாளைக்கு மூன்று கிலோமீட்டர். வாரத்துக்கு 150 நிமிடமாவது சுறுசுறுப்பாக நடங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து வேளையும் பள்ளிக்கு நடந்து வருபவருக்கு அது தானாகவே கிடைத்துவிடும். நாமோ 300 மீட்டருக்கும் வண்டியை எடுக்கிறோம்.

சாப்பாட்டுக்கு வருவோம். உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்தில் வரம்பு மீறுவதை அல்லாஹ் தடுக்கிறான் (7:31). வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபியவர்கள் அளவு சொன்னார்கள் (திர்மிதி). முதலில் டீயில் ஆரம்பியுங்கள். நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரை டீயில் மட்டும் உள்ளே போகிறது. இந்த வாரம் ஒரு ஸ்பூன் குறையுங்கள். இரவுப் பரோட்டாவை வாரத்தில் ஒரு நாளாக்குங்கள். வலீமாவில் இரண்டாவது தடவை பிரியாணி வைக்க வருபவரிடம் "போதும்" என்று சொல்லப் பழகுங்கள். விருந்து வைப்பவர்களே, போதும் என்றவர் தட்டில் வற்புறுத்திக் கொட்டாதீர்கள். அது உபசரிப்பில் சேராது.

திங்கள், வியாழன் நோன்பு சுன்னத்தானது. ஆனால் நோன்பு இபாதத். அதை எடை குறைக்கும் மருந்தாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். பகலில் பட்டினி கிடந்து இஃப்தாரில் பஜ்ஜியும் சமோசாவும் அடுக்கினால் எடை கூடத்தான் செய்யும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் நஃபில் நோன்பு வைக்காதீர்கள். ஒரே மாதத்தில் மெலிய வைப்பதாகச் சொல்லும் பவுடர்களை நம்பி ஏமாறாதீர்கள்.

அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல், குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவது என்று ஹதீஸில் வருகிறது (புகாரி, முஸ்லிம்). மெலிவதற்கும் இதுதான் வழி. 100 கிலோ இருப்பவர் 70க்கு வர வேண்டும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஐந்து கிலோ குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பலருக்கு மாற்றம் தெரியும். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். தவ்பாவின் வாசலை அல்லாஹ் திறந்து வைத்திருக்கும்போது, ஒரு தட்டு பிரியாணியோடு எல்லாம் போய்விட்டது என்று நீங்களே கதவைச் சாத்தாதீர்கள்.

அந்தச் சகோதரரிடம் நான் கேட்டது ஒன்றுதான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கிறீர்களே, திரும்பும் நேரத்தில் மட்டும் அந்தத் தூரத்தை நடக்க முடியுமா? முடியும் என்றார். தனியாக நடந்தால் வெட்கமாக இருக்கும் என்றார். அதனால் அஸருக்குப் பிறகு நானும் அவரோடு நடக்கிறேன். இன்றோடு நான்கு நாள். நடுவில் இரண்டு இடத்தில் நிற்கிறோம். மூச்சு வாங்குவதில் எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வர விரும்புகிறவர்கள் வாருங்கள், யாரும் யாரையும் முந்தப் போவதில்லை.

இன்று அவர் முதல் ஸஃப்பில் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியோடுதான். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டதை இங்கிருந்து பார்த்தேன். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக.

யா அல்லாஹ்! எங்கள் உடல்களில் ஆஃபியத்தைத் தருவாயாக. உணவில் அளவையும் உள்ளத்தில் உறுதியையும் தருவாயாக. பிறர் மனதைப் புண்படுத்தும் வார்த்தைகளிலிருந்து எங்கள் நாவுகளைப் பாதுகாப்பாயாக. சாலைகளில் பயணிப்பவர்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பாயாக. உன் வீட்டை எங்கள் கால்களால் சுற்றிவரும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் நஸீபாக்குவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.