கதையை எங்கே தொடங்குவது?

ஒரு பெண்ணைப் பற்றிய அவதூறு காதில் விழும்போதெல்லாம், சொல்பவர் கதையை எந்த நாளிலிருந்து தொடங்குகிறார் என்று கவனிப்பேன். பெரும்பாலும் அவள் வாசற்படி தாண்டிய நாள்தான். அதற்கு முந்தைய வருடங்களை விழுங்கிவிடுவார்கள்.

பர்பெக் சீமாட்டி பிரான்சஸ் கோக்கின் கதையையும் லண்டன் அப்படித்தான் பேசியது. கணவர் ஜான் வில்லியர்ஸ் மனநோயால் அவதிப்பட்டார். மனைவிக்கோ சர் ராபர்ட் ஹோவர்டுடன் உறவு; 1624-இல் ஆண் குழந்தை. 1627-இல் திருச்சபையின் உயர் ஆணைய நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. வெள்ளைத் துணி போர்த்து, வெறுங்காலோடு, ஊர் பார்க்க நிற்கவேண்டும் என்பது தண்டனை. அவர் நிற்கவில்லை, தலைமறைவானார். 1635-இல் பிடிபட்டபோதும் ஆண் வேடத்தில் சிறையிலிருந்து தப்பி பிரான்சுக்குப் போய்விட்டார்.

இதையே 1617-இலிருந்து சொல்லிப் பார்ப்போம். தந்தை எட்வர்ட் கோக் பெரிய சட்ட மேதை. மன்னர் ஜேம்ஸைப் பகைத்துக்கொண்டு, முந்தைய ஆண்டுதான் தலைமை நீதிபதி பதவியை இழந்திருந்தார். மன்னரின் செல்லப்பிள்ளையான பக்கிங்ஹாமின் அண்ணன் ஜான் வில்லியர்ஸுக்கு மகளைக் கொடுத்தால் போன செல்வாக்கு திரும்பும். தாய் எலிசபெத் ஹாட்டன் சம்மதிக்காமல் மகளை ஒளித்துவைத்தார். கோக் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு போய், கதவை உடைத்து இழுத்துவந்தார். செப்டம்பர் 29, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், மன்னர் முன்னிலையில் திருமணம். மணமகளுக்கு வயது 15 அளவில். தாய் காவலில் இருந்தார். அதே மாதம் கோக்குக்கு மன்னரின் ஆலோசனைக் குழுவில் மீண்டும் இடம் கிடைத்தது.

காரணம் சொல்லாமல் அரசின் ஆள்கூட ஒருவர் வீட்டுக் கதவை உடைக்கக்கூடாது என்று 1604-ஆம் ஆண்டு வழக்கொன்றில் பதிந்துவைத்தவர் இதே கோக். 1628-இல் குடிமக்களின் உரிமை மனுவை முன்னின்று உருவாக்கியவரும் அவரே. இதை வெறும் வேஷம் என்று என்னால் தள்ளமுடியவில்லை. உரிமை உள்ளவர்கள் யார் யார் என்று அவர் மனதில் எண்ணியபோது, மகள் அந்த எண்ணிக்கையில் வரவேயில்லை. கடைசிக் காலத்தில் அவரைக் கவனித்துக்கொண்டது அந்த மகள்தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பிரான்சஸ் மீது வழக்கை முடுக்கியவர், கல்யாணத்தை முடித்துவைத்த பக்கிங்ஹாம். பின்னாளில், 1640-இல், ஹோவர்டைச் சிறைவைத்தது தவறென்று நாடாளுமன்றம் அவருக்கு 1,000 பவுண்டு இழப்பீடு விதித்தது. 1645-இல் ஆக்ஸ்போர்டில் இறந்த பிரான்சஸுக்கு அந்தத் தீர்மானத்தில் பங்கில்லை.

கதையை ஏழு வருடம் முன்னால் தொடங்குவதால் பிரான்சஸ் மாசற்றவர் ஆகிவிடமாட்டார். நோயுற்ற கணவரின் துயரமும் மறையாது. ஆனால் கூண்டில் நிற்பவர்கள் தொகை கூடும்: தந்தை, மைத்துனர், தலையசைத்த மன்னர், வாழ்த்திய சபை. நாம் கதையைத் தாமதமாகத் தொடங்குவது மறதியால் அல்ல என்றே நினைக்கிறேன். முன்னாலிருந்து தொடங்கினால், கல்யாணத்தில் அட்சதை போட்டவர்களும் பதில் சொல்லவேண்டியிருக்கும்.