சொன்னவர் பெயர்

ஒரு வீட்டில் குழந்தை ஒன்று நாள்தோறும் அடிபடுகிறது. அடுத்த வீட்டார் அழுகுரலைக் கேட்கின்றனர். விடிந்ததும் வாய் திறவாது வேலைக்குச் செல்கின்றனர். கல்நெஞ்சரோ அவர்கள்? அல்லர். "யார் சொன்னது?" என்னும் கேள்விக்கு அஞ்சுபவர்கள். லயத்துச் சுவர் ஒன்றே இரு குடும்பங்களுக்கும் பொதுவாயிருக்குமிடத்து, அவ்வச்சத்தை இகழ்தல் எளிது, சுமத்தல் அரிது.

ஆகவே, நலத்துறையாரிடம் துணிந்து சொன்னவர் பெயரை மறைத்தல் முறையா என்பது ஆராய்தற்குரியது. மறுப்போர் கூறுவது யாதெனில்: சாட்டியவர் முகங்காட்டாது நிற்க, சாட்டப்பட்டவர் மட்டும் தலைகுனிதல் நீதியாகுமா?

இக்கேள்வி இங்கிலாந்தில் வழக்காகவே எழுந்தது. 1973ஆம் ஆண்டில், பதினான்கு மாதப் பெண் மகவொன்று துன்புறுத்தப்படுவதாகக் குழந்தைகள் கொடுமைத் தடுப்புச் சங்கத்துக்கு ஒருவர் அறிவித்தார். சங்கத்தின் ஆய்வாளர் வீடு சென்று விசாரித்தார். குழந்தைக்குத் தீங்கேதும் நேர்ந்திருக்கவில்லை. தாயோ அதிர்ச்சியால் நலங்குன்றி, சொன்னவர் பெயரைக் கேட்டு வழக்காடினார். மேல்முறையீட்டு மன்றம் பெயரை வெளியிடப் பணித்தது. 1977இல் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியது. பெயர் வெளிவருமாயின் இனி எவரும் முன்வரார். போலீசாருக்குத் துப்புத் தருவோர்க்குள்ள காப்பு இத்தகையோர்க்கும் வேண்டும் என்பதே அதன் கருத்து.

அத்தாயின் துயர் பொய்யன்று. ஆயினும், அவருக்கு வாய் உண்டு. மன்றம் செல்ல வழியும் உண்டு. அடிபடும் மழலைக்கு இரண்டும் இல்லை. தவறான முறையீடு விசாரணையில் திருத்தப்படும். சொல்லாமல் விட்ட கொடுமையைத் திருத்துவார் யார்?

நம்மவர் இதனைக் கோள் என்று இகழ்வர். திருக்குறளிலும் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரம் உண்டு. ஆனால் கோள், ஊர்வாயை நாடிச் செல்வது. முறையீடோ, விசாரிக்கும் கடமையுடையாரை நாடிச் செல்வது. இரண்டும் ஒன்றல்ல.

எனினும், பெயரை மறைப்பது வேறு. சான்றின்றித் தண்டிப்பது வேறு. அலுவலர் நேரிற் கண்டு, மருத்துவர் சோதித்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். வேண்டுமென்றே பொய்யுரைத்தவன் இக்காப்புக்கு உரியனல்லன்.

மலேசியாவில் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், ஐயங்கொண்ட மருத்துவரும், குடும்பத்தினரும், குழந்தை பராமரிப்போரும் அறிவித்தே ஆகவேண்டுமென விதிக்கிறது. அறிவிப்போர்க்குக் காப்பும் அளிக்கிறது. 15999 என்னும் தொலைபேசி எண் அதற்கெனத் திறந்திருக்கிறது. அண்டை வீட்டாரைச் சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும், மனச்சான்று கட்டாயப்படுத்தும்.

அன்பர்களே! உங்கள் பெயர் மறைந்திருக்கட்டும். அக்குழந்தையின் அழுகுரல் மறைய வேண்டாம்.